பழைய கோயிலை என்ன செய்வது?

(யூபிலி விழா மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)

 

காலையில் திருப்பலியில் நன்றி சொன்னோம். நண்பகலில் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டோம். வாழ்த்துரைகள் முடிந்துவிட்டன, மாலைகள் வாடத் தொடங்கிவிட்டன. இந்த நேரத்தில், யூபிலி ஆண்டு முழுவதும் நாம் பேசாமல் தள்ளிக்கொண்டே வந்த ஒரு காரியத்தைப் பேசிவிடலாம் என்று கருதுகிறோம். நம் புதிய ஆலயத்துக்குப் பின்னால், வேப்பமரத்தடியில், ஓடு சரிந்து, பூட்டிக் கிடக்கும் பழைய கோயிலை என்ன செய்யப்போகிறோம் என்பதே அது.

இதில் நம் பங்கில் இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. ஒரு பாட்டியம்மா சொன்னார்: "சாமி, எனக்குத் தாலி கட்டினது அங்கேதான். இடிக்கிறதுன்னா என்னைப் புதைச்சிட்டு இடிங்க." இளைஞர் ஒருவர் சொன்னார்: "சாமி, நாளைக்கு மழையில ஓடு விழுந்து ஒரு பிள்ளைக்கு மண்டை உடைஞ்சா யார் பதில் சொல்றது? இடிச்சிட்டு நாலு கடை கட்டி வாடகைக்கு விட்டா பங்குக்கு வருமானமாவது வரும்." இருவரும் பங்கின்மேல் உள்ள அன்பினாலேயே பேசினார்கள் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நாமும் முதலில் இடிக்கத்தான் நினைத்தோம். இடிப்பதற்கான மதிப்பீட்டுத்தாள் நம் மேசை இழுப்பறையில் சில மாதங்கள் இருந்தது. அந்தத் தாளில் கையெழுத்திடாமல் நம்மைத் தடுத்தது ஒரு கட்டடம். அது கத்தோலிக்கக் கோயில் அன்று. நம் நாட்டவர் தமக்கென்று கட்டிக்கொண்ட கோயிலும் அன்று. சென்னை எழும்பூரில் ஸ்காட்லாந்துக்காரர்கள் கட்டிய புனித அந்திரேயா ஆலயம் அது. நம் பெரியவர்கள் பெலவேந்திரர் என்று சொல்வார்களே, அந்த அப்போஸ்தலர்தாம் ஸ்காட்லாந்து நாட்டின் பாதுகாவலர். ஆகவேதான் அந்த மக்கள் போகுமிடமெல்லாம் அவர் பெயரால் கோயில் கட்டினார்கள்.

ஸ்காட்லாந்துக்காரர் என்றால் போடிப் பக்கத்தாருக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். மேலே மூணாற்றில் தேயிலை போட்டவர்களில் பெரும்பாலோர் அந்த நாட்டவரே. கிளாஸ்கோ நகரத்து பின்லே கம்பெனியின் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து இழுவைக் கம்பியில் குரங்கணிப் பக்கம் இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்து ஊர் ஊராகப் போயின. அந்தப் பெட்டிகளைச் சுமந்த தோள்கள் நம் பாட்டன்மாருடையவை.

சென்ற ஆண்டு பங்குப் பேரவையினர் சிலரோடு சென்னைக்குப் போயிருந்தோம். இரவு ரயிலுக்கு நேரமிருந்ததால், எழும்பூர் நிலையத்திலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் நடந்து அந்த ஆலயத்தைப் பார்க்கப் போனோம். அங்குள்ளவர்கள் அன்போடு கதவைத் திறந்து காட்டினார்கள். உள்ளே போனவுடன் நம் பேரவையினர் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

நம் கோயில்கள் நீளமானவை. வாசலில் நின்றால் பீடம் தூரத்தில் தெரியும். அந்தக் கோயிலின் நடுப்பகுதியோ வட்டம். குறுக்களவு 81 அடிக்கும் அதிகம். வட்டத்தின் உள்ளே 16 தூண்கள். தூண்களின்மேல் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு குவிமாடம். அதன் உட்புறம் முழுவதும் ஆழ்ந்த நீலம்; நீலத்தில் பொன் விண்மீன்கள். முகப்பில் பெரிய தூண்கள் தாங்கும் மண்டபம். அதன்மேல் ஏறக்குறைய 166 அடி உயரத்துக்கு எழும் கூர்ங்கோபுரம். 1818-இல் அடிக்கல் நாட்டி 1821-இல் முடித்தார்கள். இரு நூற்றாண்டுகள் கடந்தும் அசையாமல் நிற்கிறது.

ஏன் இந்தக் கோயில் கட்டப்பட்டது? 1813-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பித்தபோது, இங்கிலாந்துத் திருச்சபைக்கு இந்தியாவில் ஓர் ஆயர் அமர்த்தப்பட வழி செய்தார்கள். கம்பெனியின் வேலையில் ஸ்காட்லாந்துக்காரரும் ஏராளமாக இருந்தார்கள். "எங்கள் சபைக்கும் குருவும் கோயிலும் வேண்டும்" என்று அவர்கள் கேட்டார்கள். கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் அந்திரேயா பெயரால் கோயில்கள் எழுந்தன. சென்னைக் கோயிலைக் கட்டும் பொறுப்பு தாமஸ் டி ஹாவிலாந்து என்ற இராணுவப் பொறியாளருக்குக் கிடைத்தது. அவர் ஸ்காட்லாந்துக்காரர்கூட அல்லர். ஆங்கிலக் கால்வாயிலுள்ள கெர்ன்சி என்ற சிறு தீவில் பிறந்தவர்.

அவருக்கு இரண்டு தொல்லைகள் காத்திருந்தன. முதல் தொல்லை மண். அந்த நிலம் இளகிய நிலம். சாதாரணக் கடைகால் போட்டால் இவ்வளவு பாரம் தாங்காது. அவர் என்ன செய்தார்? நம் நாட்டில் தொன்றுதொட்டுத் தோண்டிவரும் உறைகிணற்று முறையைக் கையாண்டார். கட்டடத்தின் அடியில் வரிசை வரிசையாகக் கிணறுகளை இறக்கினார். சில 14 அடி ஆழம், சில 50 அடி ஆழம். அவற்றை நிரப்பி, அவற்றின்மேல் கோயிலை எழுப்பினார். நாம் தண்ணீருக்காகக் கிணறு வெட்டுவோம். அவர் கோபுரத்துக்காகக் கிணறு வெட்டினார்.

இரண்டாம் தொல்லை கரையான். நம் ஊரில் இதைப்பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கூரைக்கு மரம் வைத்தால் கரையான் அரித்துவிடும் என்று கண்ட அவர், கூரையில் மரமே இல்லாமல் குவிமாடத்தைக் கட்டுமானமாகவே எழுப்பிவிட்டார். அவருக்கு அந்தத் துணிவு சும்மா வரவில்லை. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஸ்ரீரங்கப்பட்டணத்தில், நூறடிக்கும் அதிக அகலமுள்ள ஒற்றைச் செங்கல் வளைவைத் தம் தோட்டத்தில் கட்டி நிறுத்திக் காட்டியவர் அவர். அந்த வளைவு 1937 வரை நின்றது.

இன்னொன்று நம் பேரவையினரை மிகவும் கவர்ந்தது. உள்ளே இருக்கும் தூண்கள் பளிங்கு போல மின்னின. தொட்டுப் பார்த்தார்கள். அது பளிங்கு அன்று, சென்னைச் சுண்ணாம்பு. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, அரைத்து, முட்டை வெண்கரு, தயிர், நெய் முதலியவற்றைச் சேர்த்துப் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றுவது நம் கொத்தனார்களின் பழைய வித்தை. கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைத்த கதையை நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். திட்டம் வெள்ளைக்காரருடையது, கை நம்மவர் கை.

அந்தத் திட்டத்துக்குப் பின்னால் இருக்கும் சரித்திரத்தைக் கேட்டால் வியப்பீர்கள். அந்த ஆலயத்துக்கு முன்மாதிரி, இலண்டனில் 1726-இல் கட்டி முடிக்கப்பட்ட புனித மார்ட்டின் ஆலயம். அதைக் கட்டிய சிற்பி ஜேம்ஸ் கிப்ஸ். அவர் மார்ட்டின் ஆலயத்துக்கு முதலில் வட்டமான வடிவத்தையும் வரைந்திருந்தார். இலண்டனில் செலவுக்கு அஞ்சி அதைக் கட்டவில்லை. அந்தப் படங்கள் 1728-இல் புத்தகமாக வந்தன. இலண்டன் வேண்டாம் என்று தள்ளிய வட்டம், நூறாண்டு ஆவதற்குள் எழும்பூரில் எழுந்தது!

இந்த கிப்ஸ் யார்? ஸ்காட்லாந்தில் அபர்தீன் நகரருகே ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். குருவாக வேண்டும் என்று உரோமையிலுள்ள ஸ்காட்லாந்துக் குருமடத்தில் சேர்ந்தவர். அங்கே நிலைக்காமல் வெளியேறிக் கட்டடக்கலை படித்தவர். குருமடத்தில் படித்த நாங்கள் அவரைக் கொஞ்சம் பரிவோடுதான் நினைக்கிறோம். ஒரு கத்தோலிக்கர் ஆங்கிலிக்கர்களுக்காக வரைந்தது, பிரஸ்பிட்டேரியர்களுக்காக இந்திய மண்ணில் உயர்ந்து, இன்று தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயமாக விளங்குகிறது. கட்டியவர்களின் பேரர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். அவர்கள் அமர்ந்த அதே இருக்கைகளில் இன்று நம் நாட்டவர் அமர்ந்து ஆண்டவரைத் துதிக்கிறார்கள். கட்டியவர்கள் போனபின்பும் அக்கோயில் வெறுமையாகவில்லை.

மூணாற்றிலும் இதே கதைதான். அங்கே குன்றின்மேல் நிற்கும் கல்லால் ஆன கிறிஸ்து ஆலயத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அங்கே கோயிலுக்கு முன்பே கல்லறை வந்தது. 1894-இல் காலராவில் இறந்த ஓர் இளம் வெள்ளைக்காரப் பெண், தோட்ட மேலாளரின் மனைவி, அந்தக் குன்றில் அடக்கம் செய்யப்பட்டார். ஆலயம் 1911-இல்தான் திறக்கப்பட்டது. சுவரில் இன்றும் தோட்டத் துரைமாரின் நினைவுப் பலகைகள் இருக்கின்றன. வழிபாடோ தமிழிலும் நடக்கிறது. கொழுந்து கிள்ள மலையேறியவர்களின் வழிவந்தவர்கள் துரைமாரின் கோயிலில் தங்கள் தாய்மொழியில் செபிக்கிறார்கள். துரைமார் இதை எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

இனி அந்தக் கட்டடங்களின் தாய்நாட்டைப் பார்ப்போம். ஸ்காட்லாந்தில் இன்று நூற்றுக்கணக்கான கோயில்கள் விற்பனைக்கு வருகின்றன. வழிபட ஆள் குறைந்தது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அதை நாம் கவனித்துக் கேட்க வேண்டும். 1843-இல் அந்நாட்டுச் சபை இரண்டாக உடைந்தது. போதகர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் வெளியேறினார்கள். வெளியேறியவர்கள் ஊர் ஊராகப் புதுக் கோயில் கட்டினார்கள். ஒரே தெருவில் எதிரும் புதிருமாகக் கோபுரங்கள் எழுந்தன. 1929-இல் பெரும்பாலோர் மீண்டும் ஒன்று சேர்ந்தார்கள். சண்டை தீர்ந்தது, கோயில்கள் மட்டும் மிஞ்சின. பிணக்கினால் எழுப்பிய சுவர்களுக்கு, பிணக்கு தீர்ந்தபின் ஓடு மாற்றக்கூட ஆளில்லை. தெருவுக்கு ஒரு கொடி, கொடிக்கு ஒரு குருசடி என்று கேட்கும் நம் அன்பர்கள் இதைச் சற்று யோசிக்கட்டும்.

அப்படி மிஞ்சிய கோயில்களை அவர்கள் என்ன செய்தார்கள்? எடின்பரோ நகரில் புனித ஜார்ஜ் ஆலயம் 1814-இல் கட்டப்பட்டது. மரங்களில் உளுப்பு கண்டு, பழுது பார்க்கும் செலவைச் சபையார் தாங்க முடியாமல் போனது. அரசு அதை ஏற்று, உள்ளே மாற்றிக் கட்டி, 1971-இல் நாட்டின் ஆவணக் காப்பகமாகத் திறந்தது. வெளியே குவிமாடம் அப்படியே நிற்கிறது. அதே நகரில் 1840-களில் எழுந்த இன்னொரு கோயில், 1999 முதல் அந்நகரின் புகழ்பெற்ற கலைவிழாவுக்கு இல்லமாக இருக்கிறது. கிளாஸ்கோவில் ஒரு கோயில் 2004-இல் நாடக மேடையாகவும் உணவகமாகவும் மதுக்கூடமாகவும் ஆகிவிட்டது. சிரிக்கிறீர்கள். ஆனால் இடிந்து கிடப்பதைவிட அது மேல் என்று வாதிடுவோர் அங்கே உண்டு. பீடம் இருந்த இடத்துக்கு அது தகுமா என்று வருந்துவோரும் உண்டு.

நம் தாய்த் திருச்சபை இதைப்பற்றி என்ன சொல்கிறது? பழைய கட்டடத்தைப் புதிய பணிக்குக் கொடுப்பது நமக்குப் புதியதன்று. உரோமையில் எல்லாத் தெய்வங்களுக்கும் என்று கட்டிய பாந்தியோன் கோயிலை 609-இல் திருத்தந்தை நான்காம் போனிபாஸ் கிறிஸ்தவ ஆலயமாக அர்ச்சித்தார். அது இன்றும் நிற்பதற்கு அதுவே பெரும் காரணம். எதிர்ப்பக்கத்துக்கும் சட்டம் உண்டு. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1222-ஆம் எண்படி, ஒரு கோயில் இனி வழிபாட்டுக்கு உதவாது, பழுது பார்க்கவும் வழியில்லை என்றால், அதை வேறு உபயோகத்துக்கு விட மறைமாவட்ட ஆயருக்கு அதிகாரம் உண்டு. வேறு கனமான காரணம் இருந்தால், குருக்கள் மன்றத்தைக் கலந்துகொண்டும், உரிமையுள்ளவர்களின் சம்மதத்தோடும், ஆன்மாக்களின் நலனுக்குக் குறைவு வராமலும் அவர் அப்படிச் செய்யலாம். எப்படியானாலும் அந்த உபயோகம் இழிவானதாக இருக்கக்கூடாது. பங்குத்தந்தை தம் விருப்பத்துக்கு இடிக்கவோ விற்கவோ முடியாது. பேரவை கைதூக்கினாலும் முடியாது. மேலும், கோயில் வேறு உபயோகத்துக்குப் போனாலும் பீடம் தன் அர்ச்சிப்பை இழப்பதில்லை என்று அதே சட்டம் 1238-ஆம் எண்ணில் சொல்கிறது. ஆகவே பீடத்தைக் கல்லோடு கல்லாகப் போட்டுவிட முடியாது. 2018-இல் உரோமையில் இதற்கென்றே ஒரு மாநாடு கூடி, கைவிடப்படும் கோயில்களைக் கூடுமானவரை திருச்சபையின் வேறு பணிகளுக்கும், ஏழை எளியவருக்கும், கல்விக்கும் பயன்படுத்த வழிகாட்டியது.

இவற்றையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு, ஊருக்குத் திரும்பியதும் பழைய கோயிலின் பூட்டைத் திறந்தோம். உள்ளே போய் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். பிறகு பழைய முறையில் வேலை தெரிந்த ஒரு கொத்தனாரை அழைத்துக் காட்டினோம். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது நம்மைச் சுட்டது: "சாமி, சுவருக்கு வயசாகல. சுண்ணாம்புச் சுவருக்கு மேல சிமெண்டைப் பூசியிருக்கீங்க. உள்ள ஏறுன ஈரம் வெளிய வர வழியில்ல. அதான் வெடிச்சு உதிருது." அந்தச் சிமெண்டுப் பூச்சு சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருவிழாவுக்காக நாமே அவசரமாகப் பூசச் சொன்னது. கோயிலை அழகுபடுத்துகிறோம் என்று நினைத்து, அதன் மூச்சை அடைத்துவிட்டோம். ஆகவே முதல் தவறு நம்முடையது. அதை இந்தக் கூட்டத்தில் ஒத்துக்கொள்கிறோம்.

இனி நம் யோசனையைச் சொல்கிறோம். அதிகாலையில் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் தாய்மார்கள் இருட்டும் நேரத்தில்தான் வீடு திரும்புகிறார்கள். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கப் போகிறவர்களும் அப்படியே. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் அந்த இரண்டு மூன்று மணி நேரம் எங்கே இருக்கிறார்கள்? பஸ் நிறுத்தத்தில், குளத்தங்கரையில், கைப்பேசியைச் சுற்றி. வீட்டில் விளக்குப் போட்டுப் படிக்க ஓர் இடமில்லாத பிள்ளைகள் நம் பங்கில் எத்தனை பேர் என்று அருட்சகோதரிகளைக் கேளுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அந்தப் பழைய கோயில் மாலைப் படிப்பகம் ஆகட்டும். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, ஊர்ப் பிள்ளைகள் யாவருக்கும். பீடம் இருக்கும் பகுதியை மட்டும் தடுத்து, செபக்கூடமாக வைத்துக்கொள்வோம். மரித்தோருடைய மாதத்தில் ஆண்டுக்கு ஒரு முறையாவது அங்கே திருப்பலி வைப்போம். பாட்டியம்மாவின் கோயிலும் நிற்கும். அதில் பேரப்பிள்ளையும் படிக்கும்.

கடை கட்டினால் வாடகை வரும் என்பது உண்மைதான். படிப்பகத்தில் வாடகை வராது, மின்கட்டணம்தான் வரும். அதை மறைத்துப் பேச நமக்கு விருப்பமில்லை. ஓட்டை இறக்கி, உளுத்த மரத்தை மாற்றி, சிமெண்டைச் சுரண்டி, மீண்டும் சுண்ணாம்பு பூச வேண்டும். இதற்குப் பணமும் வேண்டும், பொறுமையும் வேண்டும். ஓடு விழுமே என்று கேட்ட அந்தத் தம்பி சொன்னது முற்றிலும் நியாயம். ஆகவே நாளைக் காலையிலேயே சுற்றிக் கயிறு கட்டி, பிள்ளைகள் நெருங்காமல் செய்கிறோம். தகுதியுள்ள பொறியாளர் ஒருவர் வந்து பார்த்து, நிற்கும் என்று எழுத்தில் கொடுத்தால்தான் மேலே போவோம். நிற்காது என்று அவர் சொன்னால், அடம் பிடிக்கமாட்டோம். அப்போது பீடத்தையும் சிலுவையையும் மரியாதையோடு எடுத்துவைத்துவிட்டு, பேராயர் அவர்களின் அனுமதியோடு கண்ணீருடன் இறக்குவோம். எதுவானாலும் வரும் மாதப் பேரவைக் கூட்டத்தில் எல்லோரும் பேசியே முடிவு செய்து, மதுரைக்கு விண்ணப்பம் அனுப்புவோம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வெளியே டீக்கடையில் பேசாமல் அங்கே வந்து பேசுங்கள், வரவேற்கிறோம்.

அன்பார்ந்தவர்களே, யூபிலி என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று மறைக்கல்வியில் படித்திருக்கிறோம். பழைய ஏற்பாட்டில், ஐம்பதாம் ஆண்டு வந்ததும் கைமாறிப் போன நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்பும். அடிமை வீடு திரும்புவான். ஏனென்றால் நிலம் கடவுளுடையது. மனிதர் அதில் சில காலம் குடியிருப்பவர்களே. கோயிலும் அப்படித்தான். எழும்பூரில் கிணறு இறக்கியவர்கள் யாருக்காக இறக்குகிறோம் என்று அறியாமலே இறக்கினார்கள். மூணாற்றில் கல் அடுக்கியவர்களும் அப்படியே. நம் பழைய கோயிலுக்குக் கூலி வாங்காமல் மண் சுமந்த நம் முன்னோரும், யார் பிள்ளை அதில் உட்காரும் என்று கேட்டுக்கொண்டு சுமக்கவில்லை.

அவர்கள் கட்டியதை நாம் அனுபவித்தோம். நமக்குப் பின் வருகிறவர்களுக்கு அதைப் பூட்டிக் கொடுப்பதா, இடித்துக் கொடுப்பதா, திறந்து கொடுப்பதா என்பதை நாம் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். திறந்து கொடுக்க ஆண்டவர் நமக்கு நல்ல மனத்தையும் ஒற்றுமையையும் தந்தருள்வாராக. இன்றிரவு மலைக்குத் திரும்பும் சகோதர சகோதரிகள் பனியில் பத்திரமாகப் போய்ச் சேருங்கள். எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவி உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.